செவ்வாய்க்கு அப்பால் ஒரு கல்

2014 மார்ச் 16, ஞாயிறு

இன்றைக்குக் கடை லீவு. மதியம் கொள்ளுப் பருப்பும் ரசமும். மூக்கு முட்டத் தின்றுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். உடுமலையில் முப்பது வருஷமாக மற்றவர் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டுகிறவன், ஓய்வு நாளில் வானத்தில் கல் தேடுகிறான் என்றால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

வேலை என்னவோ சின்னதுதான். எங்கோ ஒரு மலைமேல் பெரிய தொலைநோக்கி வைத்து, ஒரே இடத்தை அரைமணிக்கு ஒன்றாக நான்கு படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நாம் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். நட்சத்திரங்கள் அசையாது. ஏதாவது ஒரு புள்ளி மட்டும் நகர்ந்தால் அது சூரியனைச் சுற்றும் கல். நானும் இரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். நான் அனுப்பிய புள்ளிகள் எல்லாம் ஒன்று வெறும் அழுக்கு, இல்லையென்றால் எவனோ முன்னாடியே கண்டுபிடித்தது.

படங்கள் மாறி மாறி மினுக்கியதில் எனக்குச் சொக்கியது. கண் பாதி மூடிவிட்டது. பக்கத்தில் என் வீட்டுக்காரி மரகதம் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங், அதா அது நகுருது பாருங்."

"தூசு."

"தூசுன்னா இப்பிடி நூல் பிடிச்சாப்பல போவுமாக்கும்? நல்லாப் பாருங்."

பார்த்தேன். மங்கலாக ஒரு புள்ளி, இடமிருந்து வலம், நான்கு படத்திலும் ஒரே கோட்டில். தொழில் பண்ணுகிற என் கண்ணுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எரிச்சலாகத்தான் இருந்தது. அளந்து, இரண்டு பேர் பெயரையும் போட்டு அனுப்பிவிட்டேன். இந்தக் களேபரத்தில் தொட்டி நிறைந்து தண்ணீர் பக்கத்து வீட்டுக்காரர் வாசலுக்குப் போய்விட்டது. வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

2014 மார்ச் 19

பதில் இல்லை. தொட்டி மோட்டார் காயில் போச்சு.

2014 மார்ச் 27

வந்துவிட்டது! இதுவரை யாரும் பார்க்காத கல்லாம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கில் சுற்றுகிற கூட்டத்தில் ஒன்று. அளவு இரண்டு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். நம் ரயில்வே ஸ்டேஷனில் ஆரம்பித்துச் சந்தைக்குள் முடிந்துவிடும்.

தற்காலிகமாக ஓர் அடையாளம் கொடுத்திருக்கிறார்கள். வருஷம், இரண்டு எழுத்து, ஓர் எண். அவ்வளவுதான். பேர் இல்லை. ஆஸ்பத்திரியில் தொட்டில் காலில் அட்டை கட்டுவார்களே, 'மரகதம் குழந்தை' என்று, அந்த மாதிரி.

சாயங்காலம் காற்றில் முருங்கைக் கிளை ஒடிந்து விழுந்தது. வெட்டி ஓரமாகப் போட்டேன்.

2014 ஜூலை 6

கல் சூரியன் பக்கமாகப் போகிறது. இனிப் பல மாதங்களுக்கு யாராலும் பார்க்க முடியாது. இந்தக் கொஞ்ச நாள் பார்த்ததை வைத்துப் போட்ட பாதை உத்தேசமானது. சூரியனைத் தாண்டி வெளியே வரும்போது கணக்கு போட்ட இடத்தில் இல்லாமல் போனாலும் போகலாம். அப்படித் தொலைந்த கற்கள் நிறைய உண்டு என்று மரகதத்திடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று ஆகிவிட்டது. சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"தேட மாட்டாங்களா?"

"தேடுவாங்க. ஆனா எங்கேன்னு தேடறது? வானம் பெருசல்ல."

2014 ஜூலை 9

பூளவாடி ராயப்பக் கவுண்டர் கண் சோதிக்க வந்தார். தோட்டத்துக்காரர், காது கொஞ்சம் மந்தம். தனக்குக் கேட்காததை ஊருக்கே கேட்கும்படி பேசுவார். எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னால் என்னைப் படிக்கிறார்.

"உங்களுக்குக் கொழந்தைங்க எத்தனைங்?"

"இல்லீங். அடுத்த வரியப் படிங்க."

"ஒண்ணு கூட இல்லீங்களா?"

"இல்லீங்க கவுண்டரே. அந்தக் கடைசி வரி."

மரகதம் கல்லாவில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். பேனா எழுதவில்லை என்று உதறினாள். நல்ல பேனாதான் அது.

2015 ஜூன் 21, ஞாயிறு

மதியத் தூக்கத்தில் ஒரு கனவு. எங்கள் வீட்டுக் கூடம். மேலே ஓடு இல்லை, உத்தரமும் இல்லை, ஒரே கருநீலம். வாழைத்தார் மாட்டுகிற கொக்கி மட்டும் எதிலும் மாட்டாமல் அந்தரத்தில் நிற்கிறது. அதற்குக் கீழே ஒரு கல் சத்தமே இல்லாமல், யாரோ மெல்ல ஆட்டிவிட்டது போல உருண்டு உருண்டு திரும்புகிறது. ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல். தொட்டால் சூடாக இருக்குமா, ஜில்லென்று இருக்குமா என்று யோசித்துக்கொண்டே நிற்கிறேன். கை நீட்டவில்லை.

எழுந்து பார்த்தால் கொக்கியில் பூவன் தார். பாதி பழுத்திருந்தது.

2015 ஜூலை 2

கிடைத்துவிட்டது. வேறொரு தொலைநோக்கி, வேறு யாரோ பார்த்திருக்கிறார்கள். கணக்குப் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

கடையிலிருந்தே போன் போட்டுச் சொன்னேன். மறுமுனையில் குக்கர் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "வந்துருச்சுங்களா" என்றாள். வீட்டுக்குப் போனால் பால் பாயசம். யாருக்குப் பிறந்தநாள் என்று கிண்டல் பண்ண வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

2022 பிப்ரவரி 10

நடுவில் எத்தனையோ டைரி எழுதி எடைக்குப் போட்டாயிற்று. கொரோனா வந்தது, போனது. கடைக்கு ஏசி போட்டேன். எனக்கும் கண்புரை ஆபரேஷன் ஆனது. எல்லோரும் கேட்கிற கேள்விக்கு, ஆமாம், வைத்தியனுக்கே வைத்தியம்தான்.

இன்றைக்கு மின்னஞ்சல். பல முறை பார்த்துப் பார்த்து நம் கல்லின் பாதை உறுதியாகிவிட்டது. நிரந்தர எண் கொடுத்துவிட்டார்கள், ஆறு இலக்கம். இனிமேல்தான் பேர். கண்டுபிடித்தவர்கள் பேர் சொல்லலாம், ஒரு குழு பார்த்து ஒப்புக்கொள்ளும். சட்டதிட்டங்களும் அனுப்பியிருக்கிறார்கள். பதினாறு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. ஒரே சொல்லாக இருந்தால் நல்லது. கடை விளம்பரம் ஆகாது (என் கடை பேர் அடிபட்டுப் போயிற்று). அரசியல்வாதி என்றால் செத்து நூறு வருஷம் ஆகியிருக்க வேண்டும். செல்லப் பிராணிகள் பேரைத் தவிர்க்கவும்.

மரகதத்துக்குப் படித்துக் காட்டினேன். "ஓ" என்று சொல்லிவிட்டு மாவாட்டப் போய்விட்டாள்.

2022 பிப்ரவரி 18

ஊருக்கே தெரிந்துவிட்டது. லயன்ஸ் கிளப் செயலாளர் ஊர்ப் பேரைத்தான் வைக்க வேண்டுமாம், சால்வை தயாராம். மச்சினன் மகன் ஒரு நடிகர் பேரைச் சொல்கிறான். ராயப்பக் கவுண்டர் கண்ணாடிக் கால் ஒடிந்து வந்தவர், தன் காளை பேரைச் சிபாரிசு செய்தார்.

"பிராணிங்க பேரு வெக்கக் கூடாதுங்களாமா."

"எவஞ் சொன்னது? எங்கூட்டுக் காளையப் பாத்தா அப்பிடிச் சொல்லுவானா?"

ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். நல்ல காளை.

2022 பிப்ரவரி 27, ஞாயிறு

நான் முன்னமே முடிவு பண்ணி வைத்திருந்தேன். கண்டவள் அவள்தானே? அவள் பேரையே வைத்துவிடலாம். மரகதம். பாறைக்குப் பொருத்தமான பேரும்கூட. இன்று சாப்பாட்டின்போது பெருமையாகச் சொன்னேன்.

அவள் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எம் பேரு எதுக்குங்? எனக்குத்தான் பேரு இருக்குதே."

மோர் தட்டை விட்டு வழிந்தது.

2022 பிப்ரவரி 28

கடையில் கூட்டம். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

2022 மார்ச் 3

'எனக்குத்தான் பேரு இருக்குதே.'

ஃபிரேம்களைத் துடைக்கிறேன், அது காதில் விழுகிறது. மதியம் கடையில் வெயில் இறங்கும்போது அலமாரிக் கண்ணாடிகள் எல்லாம் ஒரே சமயத்தில் பளபளக்கும். கண்ணில்லாத அத்தனை கண்ணாடிகளும் என்னையே பார்ப்பது போல இருந்தது.

எழுதியே விடுகிறேன். தொண்ணூற்று நாலு மார்கழியில் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தது. நாள் ஆவதற்கு முன்பே பிறந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் குழந்தை தங்கும் என்று தெரிந்த பிறகு நாள் பார்த்துத்தான் பேர் வைப்போம். அதற்கு முன்னால் வாயில் கூடச் சொல்ல மாட்டோம். அய்யர் நாள் குறித்துக் கொடுத்தார். நான் கூடத்து உத்தரத்தில் கொக்கி அடித்து, அத்தை வீட்டுச் சேலையில் தொட்டில் கட்டிப் பார்த்துவிட்டுக்கூட வந்தேன். அந்த நாள் வரவில்லை. அட்டையில் இருந்ததுதான் கடைசிவரை, 'மரகதம் குழந்தை'. அவளை நினைக்கும்போதுகூட எனக்குக் கூப்பிட ஒரு சொல் கிடையாது. இருபத்தேழு வருஷமாக அதுதான் எனக்குப் பெரிய வலி.

பேர் இல்லாத பிள்ளைக்கு இப்போது ஒரு பேர் வைக்க முடியும். யாராலும் அழிக்க முடியாத இடத்தில். இது எனக்கு இவ்வளவு நாள் தோன்றாமல் போயிற்றே!

2022 மார்ச் 6, ஞாயிறு

நல்லதாக ஒரு பேர் யோசித்து வைத்துக்கொண்டு அவளிடம் போனேன். துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மரகதம், நம்ம பாப்பாவுக்கு ஒரு பேரு வெச்சர்லாமா? பாவம், பேரில்லாமயே..."

என்னை அவள் முடிக்க விடவில்லை. ஈரத் துண்டை உதறியதில் என் முகத்தில் தண்ணீர் அடித்தது.

"அவளுக்குப் பேரில்லைன்னு உங்களுக்கு ஆரு சொன்னது?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மீதித் துணியை நான் காயப் போட்டேன்.

2022 மார்ச் 7

பேசவில்லை. இட்லி, தக்காளிச் சட்னி.

2022 மார்ச் 8

பேசவில்லை. கடைக்கும் வரவில்லை. பில் போடத் தெரியாமல் இரண்டு பேருக்குச் சில்லறையை மாற்றிக் கொடுத்தேன். கேட்கக்கூடாது, தானாக வரட்டும் என்று இருக்கிறேன். ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. என் மகளுக்கு ஒரு பேர் இருந்திருக்கிறது. இத்தனை வருஷமும் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

2022 மார்ச் 13, ஞாயிறு

மதியம் கரண்ட் இல்லை. கூடத்தில் பாய் போட்டு இருவரும் படுத்திருந்தோம். வெளியே வெயிலில் தெருவே தூங்கிக்கொண்டிருந்தது. பேசுகிறாளா, கனவில் பிதற்றுகிறாளா என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

"அந்தத் தொட்டில் கொக்கியில வாழத்தாரு மாட்டாதீங்கன்னு எத்தனையோ வாட்டி சொல்லோணும்னு இருந்தனுங்."

நான் அவள் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

"அன்னிக்குச் சாயங்காலம் நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க. நர்சம்மா பாவம் நல்லவ. ஒருக்கா தொட்டுப் பாருங்கன்னு பெட்டியத் தொறந்துட்டா. எம்பட வெரல இத்துனூண்டு கையால இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. எனக்குத் தாங்கலீங். காதுகிட்டப் போயி பேரச் சொல்லிப் போட்டேன். மூணு தடவ. மொறைப்படி."

"அதுக்கென்ன இப்போ?"

"நாளு வாரதுக்கு முன்னால சொல்லிட்டன்ல? விடியறதுக்குள்ள போயிட்டா. தங்கறதுக்கு முந்தி பேரச் சொல்லிக் கூப்புடக் கூடாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? நாந்தானுங் தொலைச்சேன். அதான் ஒருத்தருகிட்டயும் சொல்லலை. உங்ககிட்டயும்."

அழவில்லை அவள். எனக்குத்தான் அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதேன். பக்கத்துப் பாயில் படுத்திருந்தவள் இத்தனை காலமும் தன்னையே குற்றவாளியாக வைத்துக்கொண்டு எனக்கு இட்லி வார்த்திருக்கிறாள். பிள்ளைக்கு நுரையீரல் வளரவில்லை என்று டாக்டர் அன்றைக்கே எனக்குப் படம் போட்டு விளக்கியிருந்தார். அவளிடம் அதைப் போய் எதற்கு என்று விட்டுவிட்டேன். இன்று சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஆனால் அது அவள் மனசுக்குள் இறங்கின மாதிரி தெரியவில்லை.

கரண்ட் வந்து ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் எழுந்து டீ போடப் போய்விட்டாள்.

2022 மார்ச் 20, ஞாயிறு

ஒரு வாரம் மண்டையைக் குடைந்தது, இன்றைக்குச் சொல்லிவிட்டேன். அவள் அரிசி முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். கல்லைக் கண்ட அன்றைக்கு உட்கார்ந்திருந்த அதே இடம்.

"மரகதம், அந்தக் கல்லக் கண்டுபுடிச்ச அன்னிக்கே ஏன் பேரு வெக்க உடலை, தெரியுமா?"

"தெரியாதுங்."

"அங்கயும் நம்ம வழக்கந்தான். கண்டவொடனே பேரு கெடையாது. அட்டைதான். சூரியனுக்கு அக்கட்ட போயித் தொலைஞ்சு போயிருமோன்னு காத்துக் கெடந்தமே? திரும்பி வருதா, மறுக்கா வருதான்னு பாத்துப் பாத்து, இது தங்கும்னு உறுதியான பொறவுதான் பேரு வெக்கச் சொல்றாங்க. எட்டு வருசமாச்சு. இனி அது தொலையாது. நாம ரெண்டு பேரும் போன பொறவும் எங்க இருக்கும்னு கணக்குச் சொல்லிப் போடலாம்."

அவள் விரல் முறத்தில் நின்றுவிட்டது.

"தொலையவே தொலையாதுங்களா?"

"தொலையாது. நாளு வந்துருச்சு மரகதம். இப்பச் சொன்னா ஒண்ணும் ஆகாது."

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, என் பக்கத்தில் வந்து காதில் சொன்னாள். ஒரே ஒரு தடவை. மூச்சுக் காற்று மாதிரி.

அதை இங்கே நான் எழுதப்போவதில்லை. அவள் வாயால் வெளியே வரட்டும். நான் யோசித்து வைத்திருந்ததைவிட நல்ல பேர் என்று மட்டும் சொல்லுகிறேன்.

2022 மார்ச் 21

பேரோடு இரண்டு வரி விளக்கமும் எழுத வேண்டும், யார், எவர் என்று. 'பிறந்து சில நாட்களே இருந்த' என்று ஆரம்பித்தேன். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"அதெல்லாம் வேண்டாமுங். 'கண்டுபிடித்தவர்களின் மகள்'னு போடுங்க. போதும்."

அப்படியே போட்டேன். அனுப்பியாயிற்று. வாழைத்தாரைக் கழற்றிச் சமையலறை ஆணியில் மாட்டினேன்.

2022 ஜூன் 5

குழு இன்னும் கூடவில்லை. மரகதம் தினமும் கேட்கிறாள். அதே மாதிரி ஒரு பேர் முன்னமே இருந்தால் தள்ளிவிடுவார்கள் என்று படித்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. இல்லை, இந்த வீட்டில் இனி ஒளிவு மறைவு வேண்டாம் என்று ராத்திரிச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன். "தள்ளுனா மறுக்கா எழுதிப் போடுங்க. அவ பேரு அதுதான்" என்றாள். குழு பாடு கஷ்டம்தான்.

2022 ஆகஸ்ட் 9

வந்துவிட்டது. பட்டியலில் இருக்கிறது. எண், அதன் பக்கத்தில் பேர், அதன் கீழே நாங்கள் எழுதிய ஒரே வரி.

மரகதம் நாற்காலி போட்டு ஏறிக் கொக்கியைத் துடைத்தாள். எண்ணெய் விட்டுத் துடைத்தாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

2022 ஆகஸ்ட் 12

ராயப்பக் கவுண்டர் வந்தார், புதுக் கண்ணாடிக்கு. காது முன்னைவிட மோசம். எழுத்து அட்டையை அரைகுறையாகப் படித்தார். தன் பேத்தி கல்யாணக் கதை முழுவதையும் சொன்னார். அதோடு விடுவாரா?

"மறந்து போச்சுங். உங்களுக்குக் கொழந்தைங்க எத்தனை?"

வழக்கமான பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அடுத்த வரியைக் காட்டக் கையைத் தூக்கினேன். அதற்குள் கல்லாவிலிருந்து குரல் வந்தது.

"ஒரு பொண்ணுங்க."

"அப்பிடீங்களா! எங்க இருக்குது? பாத்ததே இல்லியே."

"தூரந்தானுங். வெளிய இருக்கறா. வருசம் ஒண்ணரை வருசத்துக்கு ஒருக்கா கிட்ட வருவா."

"ஆமாமா, இப்பத்த புள்ளைங்க எல்லாம் அப்பிடித்தான். பேரென்னுங்?"

மரகதம் பேனாவைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். எனக்கு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. இத்தனை கண்ணாடிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றுகூட உதவவில்லை.

"அல்லி" என்றாள்.

"என்னதுங்?"

"அல்லிங்க."

கவுண்டர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து முன்னால் குனிந்தார். மரகதம் எழுந்து போய், அவர் காதுகிட்டக் குனிந்து, மூன்றாம் தடவை தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"அல்லி!"